தொழிலாளி சொல் அம்பலம் ஏறட்டும்!



'ஏழை சொல் அம்பலம் ஏறாது' என்பது நம்ம ஊர்ப் பழமொழி. தொழிற்சாலைகளிலும் பெரும்பாலும் இதே கதைதான். வியாபாரம் படுத்துவிட்டால் முதலாளி ஆடிட்டரைக் கூப்பிடுவார், பேங்க் மேனேஜரைப் பார்ப்பார். மெஷின் முன்னால் நிற்பவரை மட்டும் கேட்கமாட்டார். ஆனால் எண்ணெய் எங்கே ஒழுகுகிறது, ஜாப் எதனால் ரிஜெக்ட் ஆகிறது, எங்கே நேரம் வீணாகிறது என்பதெல்லாம் அவருக்குத்தானே தெரியும்? நெருக்கடிக் காலத்தில் புது மெஷின் வாங்கக் கையில் காசு இருக்காது. அப்போது அதிகச் செலவில்லாமல் கிடைக்கிற மூலதனம் தொழிலாளியின் யோசனைதான்.

டொயோட்டா கண்ட வழி

இன்று உலகப் புகழ் பெற்றிருக்கும் ஜப்பானின் டொயோட்டா கம்பெனி, 1949-50இல் திவாலாகும் நிலைக்குப் போனது. வங்கிகள் கைகொடுத்துத்தான் பிழைத்தது. ஆட்குறைப்பு, வேலைநிறுத்தம் என்று அல்லோலகல்லோலப்பட்டு, நிறுவனர் கீச்சிரோ டொயோடா 1950இல் தலைவர் பதவியிலிருந்தே விலகினார். அதே ஆண்டு அமெரிக்கா சென்ற எய்ஜி டொயோடா, ஃபோர்டு தொழிற்சாலையில் தொழிலாளர்களிடம் யோசனை கேட்கும் முறை இருப்பதைப் பார்த்தார். 1951இல் டொயோட்டாவிலும் அது தொடங்கியது. கொரிய யுத்தத்தால் வந்த ஆர்டர்களும் கம்பெனியைக் காப்பாற்றின என்பதை மறைக்கக்கூடாது. ஆனால் 1953இல் யுத்தம் ஓய்ந்தது. யோசனைத் திட்டம் ஓயவில்லை.

பெட்டி மாட்டினால் போதுமா?

போதாது. நான் டிரெயினிங் போன ஒரு தொழிற்சாலையிலும் சுவரில் ஆலோசனைப் பெட்டி இருந்தது. பூட்டு துருப்பிடித்திருந்தது. "எழுதிப் போட்டு மூணு வருஷமாச்சு தம்பி, ஒரு பதிலும் இல்லே" என்றார் அங்கிருந்த ஃபிட்டர் அண்ணன். பதில் வராத இடத்தில் இரண்டாவது முறை யாரும் எழுதமாட்டார்கள்.

இதைவிடப் பெரிய தடை பயம். நாலு பேர் செய்யும் வேலையை மூணு பேர் செய்ய வழி சொன்னால், நாலாவது ஆள் வீட்டுக்குப் போகவேண்டியதுதானே? பிறகு யார் வாயைத் திறப்பார்கள்?

இதற்கும் ஒரு விடை உண்டு. அமெரிக்காவில் ஃப்ரீமான்ட் என்ற ஊரில் ஜெனரல் மோட்டார்ஸ் 1982இல் மூடிய கார் தொழிற்சாலையை, 1984இல் டொயோட்டாவும் அதுவும் கூட்டாகத் திறந்தன. பெரும்பாலோர் பழைய தொழிலாளர்களே. கோளாறு கண்டால் எந்தத் தொழிலாளியும் ஒரு கயிற்றை இழுத்து உதவி கேட்கலாம். சரியாகாவிட்டால் லைனே நிற்கும். 1988இல் விற்பனை சரிந்தபோதும் யாரையும் வெளியே அனுப்பவில்லை. மிச்சமான நேரத்தில் பயிற்சி கொடுத்தார்கள். வேலைமுறைகளைச் சீர்திருத்த வைத்தார்கள். 2010இல் அந்தக் கூட்டு நிறுவனம் மூடப்பட்டாலும், அது சொன்ன பாடம் நிற்கிறது: வேலைக்கு உத்தரவாதம் இருந்தால்தான் யோசனை வரும்.

நாம் செய்யவேண்டியது

1. யோசனை வந்தால் ஒரு வாரத்துக்குள் பதில் சொல்லவேண்டும். முடியாது என்றாலும் காரணத்தோடு சொல்லவேண்டும்.
2. சின்ன யோசனையை அன்றைக்கே செய்து பார்க்கவேண்டும்.
3. சொன்னவர் பெயரிலேயே மேலே அனுப்பவேண்டும். நம்ம பெயரைப் போட்டுக்கொள்வது திருட்டு!
4. யோசனையால் ஆள் மிச்சமானால் அவருக்கு வேறு வேலை தரச்சொல்லி நிர்வாகத்திடம் பேசவேண்டும்.

இதையெல்லாம் நிர்வாகம் பார்த்துக்கொள்ளும், நமக்கென்ன என்று நினைக்காதீர்கள். டிப்ளமா முடித்து நாம் போய் நிற்கப்போவது இன்ஜினியருக்கும் தொழிலாளிக்கும் நடுவில். தொழிலாளி சொல் மேலே ஏறுவதும் நடுவழியில் நிற்பதும் நம் கையில்தான். எங்கள் குடும்பத்தில் காலேஜ் வாசலை மிதித்த முதல் ஆள் நான்; அப்பா இன்றும் பட்டறையில்தான் வேலை பார்க்கிறார். அவரைப் போன்ற ஒருவர் நாளை நம்மிடம் வந்து, "சார், இதை இப்படிச் செஞ்சா என்ன?" என்று தயங்கித் தயங்கி இழுப்பார். அப்போது கடிகாரத்தைப் பார்க்காமல் நின்று கேட்போமா, நண்பர்களே?