வியர்வையில் நெயில் பாலிஷ் ரிமூவர் நெடி ஏன்?

இரண்டாம் வகைச் சர்க்கரை நோய் உள்ள ஒருவர் வேக நடை முடித்துச் சட்டையைக் கழற்றுகிறார். வழக்கமான வியர்வை நாற்றம் இல்லை. நெயில் பாலிஷ் ரிமூவர் பாட்டிலைத் திறந்ததுபோல் ஒரு நெடி!

காரணம் அசிட்டோன். இன்சுலின் போதாதபோது உடல் கொழுப்பை அதிகமாகக் கரைக்கிறது. கல்லீரல் அதைக் கீட்டோன்களாக்குகிறது. அவற்றில் ஒன்றான அசிட்டோஅசிட்டேட் தானாகவே சிதைந்து அசிட்டோன் ஆகிறது. எளிதில் ஆவியாகும் பொருள். மூச்சிலும் வியர்வையிலும் வெளியேறிவிடும். பட்டினி கிடந்தாலும், மாவுச்சத்தை அறவே குறைத்தாலும் இதே நெடி வரலாம். எனவே நெடி வந்தாலே ஆபத்து என்று பதற வேண்டாம்.

அம்மோனியா வாடை வேறு கதை. அது புரதம் எரிவதையோ, சிறுநீரகக் கோளாறையோ காட்டலாம்.

டாபாகிளிஃப்ளோசின், எம்பாகிளிஃப்ளோசின் போன்ற சர்க்கரை நோய் மாத்திரைகளை எடுப்பவர்கள் கூடுதல் கவனமாக இருக்க வேண்டும். சர்க்கரை அளவு பெரிதாக ஏறாமலேயே கீட்டோன் அபாயகரமாக உயரலாம். அமெரிக்க மருந்துக் கட்டுப்பாட்டு அமைப்பு 2015இலேயே இதை எச்சரித்தது. குளுக்கோமீட்டர் எண்ணை மட்டும் நம்பினால் போதாது.

சர்க்கரை 250 மி.கி.க்கு மேல் இருந்து, கீட்டோனும் தென்பட்டால் உடற்பயிற்சியை நிறுத்துங்கள். வாந்தி, வயிற்றுவலி, மூச்சிரைப்பு சேர்ந்தால், சர்க்கரை அளவு எதுவானாலும், உடனே மருத்துவமனைக்குச் செல்லுங்கள்.