குடற் புண்ணும் தூக்குமரமும்

வைத்திய சாஸ்திரம் அறியாத ஒரு வியாதி, ஒரு மனிதரைத் தூக்குமரத்தின் நிழல்வரை கொண்டுபோய் நிறுத்திய வரலாறு இங்கிலாந்து தேசத்து நியாயஸ்தலங்களில் உண்டு. 1859-ம் வருஷம் மே மாதம், லண்டனுக்கு அருகிலுள்ள ரிச்மண்டில் இஸபெல்லா பாங்க்ஸ் என்ற மாது ஓயாத பேதியும் வாந்தியுமாய்க் கிடந்து மாண்டாள். அவளுடன் வாழ்ந்த தாமஸ் ஸ்மெதர்ஸ்ட் ஒரு வைத்தியர். முன்னமே ஒரு மனைவி உயிருடனிருக்க இவளையும் மணந்தவர். சாவதற்குச் சில தினங்கள் முன்பு இவள் தன் சொத்தை அவர் பேருக்கே உயில் எழுதி வைத்தாள். ஊரார் சந்தேகிப்பதற்கு இதற்கு மேல் என்ன வேண்டும்?

விஷ பரீக்ஷையில் பெரும்புகழ் படைத்த பேராசிரியர் டெய்லர், அவ்வீட்டுக் குப்பியொன்றில் ஆர்ஸெனிக் பாஷாணத்தைக் கண்டதாக மாஜிஸ்டிரேட் முன் கூறினார். பிறகு, அந்தப் பாஷாணம் தாம் பரீக்ஷைக்கு உபயோகித்த தாமிரத்திலிருந்தே வந்தது என்று அவரே ஒப்புக்கொள்ள நேர்ந்தது. அப்படியும் ஜூரிகள் குற்றவாளி என்றே தீர்மானிக்க, மரண தண்டனை விதிக்கப்பட்டது. (நிபுணரின் சாட்சியத்தைக் கேட்டவுடன் குறுக்கு விசாரணையைக் கைவிடும் நம் வக்கீல் நண்பர்கள் இவ்வழக்கை ஒருமுறை படிப்பாராக.) வைத்தியர்களும் வக்கீல்களும் கூக்குரல் எழுப்பவே, உள்நாட்டு மந்திரி ஸர் பெஞ்சமின் பிராடியின் அபிப்பிராயத்தைக் கேட்டார். குற்றம் பூரணமாக ருசுவாகவில்லை என்று பிராடி எழுதினார். ஸ்மெதர்ஸ்ட் உயிர் தப்பினார். இருதார மணத்துக்காக மட்டும் ஓராண்டு சிறையிலிருந்தார்.

அம்மாதின் குடலைச் சோதித்த கைஸ் வைத்தியசாலையின் ஸாமுவேல் வில்க்ஸ், பெருங்குடல் நெடுகிலும் புண்ணும் அழற்சியும் கண்டதாக அவ்வருஷமே எழுதினார். 'அல்ஸரேடிவ் கொலைடிஸ்' என்ற வியாதியின் சரித்திரம் அக்கட்டுரையிலிருந்தே தொடங்குவதாகச் சொல்வது வழக்கம். ஆயினும், சிறுகுடலின் கடைப்பகுதியும் கெட்டிருந்ததால், அவளைப் பீடித்தது 1932-ல் நியூயார்க்கில் கிரோனும் அவர் சகாக்களும் விவரித்த மற்றொரு வியாதியே என்று பிற்கால வைத்தியர்கள் கருதுகிறார்கள்.

இவ்விரண்டும் சகோதர வியாதிகள். தேகத்தைக் காக்க வேண்டிய சேனை தன் குடலையே பகையென்று தாக்குவதுதான் மூலம். ஒருவரிடமிருந்து மற்றொருவருக்கு ஒட்டுவதன்று. முன்னது மலக்குடலில் தொடங்கி இடைவெளியின்றி மேலேறும். பெருங்குடலின் உட்தோலை மட்டும் புண்ணாக்கும். பின்னது வாய் முதல் ஆசனவாய் வரை எங்கும், விட்டு விட்டு, குடற்சுவரின் முழு ஆழத்துக்கும் பாயும். இரத்தமும் சளியும் கலந்த பேதி வாரக்கணக்கில் நீடித்து, இரவிலும் தூக்கத்தைக் கெடுத்தால், அதை மூலச்சூடு என்றோ சாதாரணச் சீதபேதி என்றோ சொல்லிக் காலங்கடத்துதல் பெருந்தவறு.

சிகிச்சை இல்லையென்பதன்று. ஸ்வீடன் தேசத்து நான்னா ஸ்வார்ட்ஸ் அம்மையார் கீல்வாதத்துக்கென்று கண்ட ஸல்பாஸலஸீன் இந்நோய்க்கும் உதவிற்று. 1955-ல் ஆக்ஸ்போர்டில் ட்ரூலவ், விட்ஸ் என்ற இருவர் கார்டிஸோனின் பலனை முறையான பரீக்ஷையால் நிலைநாட்டினர். ஆனால் அது தீயணைக்கும் நீரேயன்றி அன்றாட உணவன்று. மாதக்கணக்கில் தாமே கடையில் வாங்கி விழுங்குவோர் எலும்பையும் கண்ணையும் கெடுத்துக்கொள்வர். 1998 முதல் இன்பிளிக்ஸிமாப் போன்ற ஊசி மருந்துகளும் வந்துள்ளன. மருந்துக்கு அடங்காத கொலைடிஸில் பெருங்குடலை அகற்றிவிடுவதும் உண்டு. அதனால் உயிர் பிழைத்தோர் பலர்.

நம் தேசத்தில் மற்றொரு சிக்கல் உளது. குடலைத் தாக்கும் க்ஷயரோகம் கிரோனின் வியாதியைப் போலவே வேஷமிட்டு வரும். க்ஷயத்தைக் கிரோன் என்றெண்ணிக் கார்டிஸோன் கொடுத்தால் க்ஷயம் பரவும். கிரோனை க்ஷயம் என்றெண்ணினால் மாதங்கள் வீணாகும். ஆகவே, குழாய் செலுத்திக் குடலைப் பார்த்துச் சதைத்துணுக்கை எடுத்துச் சோதிக்கும் வைத்தியரிடம் வெட்கத்தை விட்டுச் செல்லவேண்டும். கொலைடிஸ் கண்டு 8 வருஷம் கடந்தவர்கள், உடல் நலமாயிருப்பினும், புற்றுநோய் தோன்றுகிறதா என்று அச்சோதனையைத் தவணை தவறாமல் செய்துகொள்வது அவசியம்.