பழைய கணிப்பொறி எங்கே போகிறது?

இளமறிவியல் மூன்றாம் ஆண்டு, வேதியியல்

'பழைய இரும்பு, ஈயம், பித்தளைக்குப் பேரீச்சம்பழம்!' என்று கூவிக்கொண்டு தெருவில் வந்தவரை நம் பெற்றோர் நன்கு அறிவர். எங்கள் பிள்ளையார்பட்டியில் இன்று அவர் ஒலிபெருக்கி கட்டிய சிறு சரக்கு வண்டியில் வருகிறார். பேரீச்சம்பழம் போய்ப் பணம் வந்துவிட்டது. அவருடைய பட்டியலிலும் ஒரு புதிய சொல் சேர்ந்திருக்கிறது, அது 'கம்ப்யூட்டர்'. பழைய குடத்தையும் உடைந்த மிதிவண்டியையும் வாங்கிச் செல்வது போலவே கணிப்பொறியையும் தராசில் நிறுத்து எடுத்துச் செல்கிறார். ஆனால் குடம் வேறு, கணிப்பொறி வேறு. குடத்தில் இருப்பது ஓர் உலோகம். கணிப்பொறிக்குள் தனிமங்களின் அட்டவணையில் பாதியே குடியிருக்கிறது எனலாம்.

முதலில் பழைய பெட்டித் திரையை எடுத்துக்கொள்வோம். அதன் கண்ணாடிக் குழாய்க்குள் மின்னணுக்கள் விரைந்து வந்து மோதும்போது ஊடுகதிர் பிறக்கும். அது பார்ப்பவர் மேல் படாதிருக்கக் கண்ணாடியில் ஈயம் கலந்தார்கள். ஒரு திரையில் ஏறத்தாழ ஒரு கிலோ ஈயம் இருக்கும்; பெரிய திரையானால் அதற்கு மேலும் இருக்கும். திரை முழுதாக இருக்கும்வரை அந்த ஈயம் யாரையும் ஒன்றும் செய்யாது. உடைத்து மண்ணில் போட்டு, அதன்மேல் மழையும் குப்பையின் அமிலமும் சேர்ந்தால் மெல்லக் கசியும். அடுத்து மின்சுற்றுப் பலகை. பழைய பலகைகளில் உறுப்புகளை ஒட்டவைத்த பற்றாசில் நூற்றுக்கு 37 பங்கு ஈயம், மீதி வெள்ளீயம். ஐரோப்பிய நாடுகள் 2006ஆம் ஆண்டு சூலை முதல் இதற்குத் தடை விதித்த பின்னரே உற்பத்தியாளர்கள் பரவலாக ஈயமில்லாப் பற்றாசுக்கு மாறினார்கள். தட்டைத் திரை வந்ததும் ஈயக் கண்ணாடி ஒழிந்தது. ஆனால் முதலில் வந்த தட்டைத் திரைகளின் பின்விளக்கில் பாதரசம் இருந்தது. நெகிழி உறைகளில் தீப்பற்றாமல் இருப்பதற்காகச் சேர்த்த புரோமின் சேர்மங்கள் வேறு.

இவை எல்லாம் வெறும் பாடநூற் செய்திகள் என்று நினைக்க வேண்டாம். எங்கள் ஊர்ப் பக்கத்துக் கண்மாய்க் கரையில் மாலை வேளைகளில் சில நாள் கரும்புகை எழுவதைப் பார்த்திருக்கிறேன். மின்கம்பிகளைக் குவித்துக் கொளுத்துகிறார்கள். மேலுறை எரிந்து போனால் உள்ளே செம்பு கிடைக்கும். செம்புக்கு நல்ல விலை. அந்த மேலுறை பி.வி.சி. என்பதை நாம் அறிவோம். அதில் உள்ள குளோரின் எரியும்போது டையாக்சின் என்னும் கொடிய நஞ்சு உருவாகிறது. விந்தை என்னவென்றால், உள்ளிருக்கும் செம்பே அந்த வினைக்கு ஊக்கியாகி உதவுகிறது. வகுப்பில் ஊக்கிகளைப் பற்றிப் படித்தபோது எனக்கு நினைவுக்கு வந்தது அந்தக் கரும்புகைதான்.

பெருநகரங்களில் இதே தொழில் பெரிய அளவில் நடந்திருக்கிறது. தில்லியின் சீலம்பூரிலும், உத்தரப்பிரதேசத்து மொராதாபாத்திலும், சீனத்தின் குய்யூவிலும், ஆப்பிரிக்காவில் கானா நாட்டு அக்போக்புளோஷியிலும் வீட்டு முற்றங்களிலும் ஆற்றங்கரைகளிலும் கணிப்பொறிகளைப் பிரித்தார்கள். பலகையை இராஜ திராவகத்தில் முக்கித் தங்கத்தைக் கரைத்தெடுப்பார்கள்; மிஞ்சிய அமிலம் சாக்கடைக்குப் போகும். பிரிப்பவரின் குழந்தைகள் அங்கேயே விளையாடுவார்கள். ஈயத்தில் குழந்தைகளுக்குத் தீங்கற்ற அளவு என்று எதுவுமே இல்லை என்பது உலக நலவாழ்வு நிறுவனத்தின் கருத்து. அது வளரும் மூளையைத் தாக்குகிறது. ஒருமுறை தாக்கினால் மீட்பதற்கு வழியில்லை.

இதைச் செய்பவரைக் குற்றவாளிபோல் நோக்குவது எனக்கு உடன்பாடன்று. அவர் தேடுவது உண்மையான செல்வம். கோலார் தங்கச் சுரங்கம் 2001இல் மூடப்பட்டதே, அதன் கடைசிக் காலத்தில் ஒரு டன் பாறையை உடைத்தால் ஐந்து கிராமுக்கும் குறைவான தங்கமே கிடைத்தது. நல்ல கணிப்பொறிப் பலகைகள் ஒரு டன் இருந்தால் 200 கிராம் அளவுக்குக் கிடைக்கும். நம் கணக்கில் 25 சவரன்! இதைக் கேட்டதும் எங்கள் விடுதி நண்பர் ஒருவர் தம் பழைய பொறியைத் திருகாணியால் திறக்கத் தொடங்கிவிட்டார். ஒரு பொறியிலிருந்து கிடைப்பது கண்ணுக்கே தெரியாத துணுக்கு என்பதைச் சொல்லித் தடுக்க வேண்டியதாயிற்று.

அப்படியானால் முறையான வழி எது? செட்டிநாட்டில் வாழும் நமக்கு இதை விளக்குவது எளிது. பழைய வலசல் வீடு ஒன்றைப் பிரிக்கும்போது யாரும் சம்மட்டியால் அடித்து நொறுக்குவதில்லை. பர்மாத் தேக்குத் தூண் தனி, நிலை தனி, கதவு தனி, ஓடு தனி என்று கழற்றுகிறார்கள். அவை காரைக்குடிக் கடைகளுக்கு வந்து வேறு வீடுகளில் மறுபடி நிற்கின்றன. கணிப்பொறிக்கும் இதுவே முதற்படி. கையால் பிரித்து, மின்கலம், பாதரச விளக்கு, ஈயக் கண்ணாடி ஆகியவற்றை முதலில் ஒதுக்க வேண்டும். வேலை செய்யும் உறுப்புகளை மறுபயனுக்கு அனுப்ப வேண்டும். மிஞ்சிய பலகைகள், நச்சுப்புகையைப் பிடித்து வடிகட்டும் அமைப்புள்ள உருக்காலைக்குப் போக வேண்டும். இந்தியாவில் பிரித்த பலகைகள் பெல்ஜியத்தில் ஹோபோகன் என்னும் ஊரிலுள்ள யூமிகோர் ஆலை வரைக்கும் கப்பலேறிப் போயிருக்கின்றன. அத்தகைய ஆலையில் உருகும் செம்பு, தங்கத்தையும் வெள்ளியையும் தன்னுள் இழுத்து வைத்துக்கொள்கிறது.

பிறகு வருவது மின்வேதியியல். தூய்மையற்ற செம்புத் தகட்டை நேர்மின்முனையாகவும், மெல்லிய தூய செம்புத் தகட்டை எதிர்மின்முனையாகவும் வைத்து, அமிலம் கலந்த செம்புச் சல்பேட்டுக் கரைசலில் மின்னோட்டம் செலுத்தினால், செம்பு மட்டும் கரைந்து மறுபக்கம் படியும். தங்கமும் வெள்ளியும் கரைய மாட்டா. தொட்டியின் அடியில் சேறாக விழும். அந்தச் சேற்றில்தான் செல்வம். மின்வேதியியலுக்கென்றே நாட்டில் அமைந்த நடுவண் ஆய்வு நிறுவனம் நம் காரைக்குடியில்தானே இருக்கிறது! வள்ளல் அழகப்பர் 300 ஏக்கர் நிலமும் 15 இலட்சம் ரூபாயும் தந்து, 1948இல் அடிக்கல் நாட்டப்பெற்று, 1953இல் திறக்கப்பெற்ற நிறுவனம் அது. வேதியியல் மாணவராகிய நாம் மேற்படிப்புக்குத் துறை தேடும்போது, கழிவிலிருந்து உலோகம் மீட்கும் இத்துறையையும் நினைத்துப் பார்க்கலாம்.

சட்டமும் இருக்கிறது. இந்தியாவில் மின்னணுக் கழிவுக்கென முதல் விதிகள் 2011இல் பிறப்பிக்கப்பட்டு 2012 மே முதல் நடைமுறைக்கு வந்தன. 2016இல் அவை மாற்றி எழுதப்பட்டன. இப்போது நடப்பில் உள்ளவை 2022ஆம் ஆண்டு விதிகள்; 2023 ஏப்ரல் முதல் செயற்படுகின்றன. பொருளை உற்பத்தி செய்தவரே அது கழிவான பின்னும் அதற்குப் பொறுப்பு என்பது இவற்றின் அடிப்படை. ஆயினும் உலகம் முழுவதும் 2022இல் சேர்ந்த 6 கோடியே 20 இலட்சம் டன் மின்னணுக் கழிவில் முறையாகச் சேகரித்து மறுசுழற்சி செய்யப்பட்டது நூற்றுக்கு 22 பங்குதான் என்று ஐக்கிய நாடுகள் அவை சார்ந்த அறிக்கை கூறுகிறது.

இனி நம் கல்லூரிக்கு வருவோம். ஆய்வகத்துப் பின்னறையில் பெட்டித் திரைகள் 23, உடைந்த அச்சுப்பொறிகள் 4, எண்ணி முடியாத விசைப்பலகைகள் அடுக்கிக் கிடக்கின்றன. அவை இருப்புப் பதிவேட்டில் உயிருடன் இருப்பதால் யாரும் தொட முடியாது. என்றாவது ஒருநாள் கழிவு செய்யப்பட்டு ஏலத்துக்கு வரும். அரசுப் பணம் என்பதால் அதிக விலை கேட்டவருக்கே கொடுக்க வேண்டும் என்பது வழக்கம். இங்கேதான் சிக்கல். புகைவடிகட்டிக்கும் கையுறைக்கும் அமிலத்தைச் சமன்படுத்தவும் செலவழிக்கும் பதிவுபெற்ற நிறுவனம் குறைந்த விலையே கேட்க முடியும். கண்மாய்க் கரையில் கொளுத்துபவருக்கு அந்தச் செலவே இல்லை. ஆகவே ஏலத்தில் அவரே வெல்வார். நேர்மையாக நடத்தப்பட்ட ஏலமே நஞ்சைக் கண்மாய்க்கு அனுப்பி வைக்கும். அந்தக் கண்மாயில்தான் எங்கள் ஊர் ஆடு மாடுகள் தண்ணீர் குடிக்கின்றன.

இதற்குத் தீர்வு எளியது. மாசுக் கட்டுப்பாட்டு வாரியத்தில் பதிவுபெற்ற மறுசுழற்சியாளர் மட்டுமே ஏலத்தில் கலந்துகொள்ளலாம் என்று அறிவிப்பில் ஒரு வரி சேர்த்தால் போதும். கூடவே, எத்தனை உருப்படி, எவ்வளவு எடை என்று எழுதி இருதரப்பும் கையொப்பமிட்ட சீட்டு கோப்பில் இருக்க வேண்டும். கல்லூரிக்குச் சில ஆயிரம் ரூபாய் குறையலாம். கழிவுக் குழுவில் இடம்பெறும் பேராசிரியப் பெருமக்கள் இதனைக் கருத்திற் கொள்ள வேண்டும் என்று பணிவுடன் வேண்டுகிறேன்.

ஆனால் எறிவதற்கு முன் இன்னொரு கேள்வி உண்டு: அது உண்மையிலேயே பழையதா? விண்டோஸ் 10க்கான ஆதரவு 2025 அக்டோபர் 14உடன் பொதுவாக முடிந்தபோது, நல்ல நிலையிலிருந்த பொறிகள் பலவும் புதிய பதிப்பை ஏற்கத் தகுதியற்றவை ஆயின. பொறி கெடவில்லை, மென்பொருள்தான் கைவிட்டது. தமிழக அரசு 2011இல் தொடங்கிய விலையில்லா மடிக்கணினித் திட்டத்தில் என் அக்காவுக்குப் பன்னிரண்டாம் வகுப்பில் கிடைத்த பொறியில் இலவச மென்பொருளான லினக்ஸை ஏற்றித்தான் இக்கட்டுரையைத் தட்டச்சு செய்தேன். சற்று மெதுவாகத்தான் ஓடுகிறது. நானும் வேகமாக எழுதுபவன் அல்லன்.

உங்கள் வீட்டில் கொடுத்தே ஆகவேண்டிய பொறி இருந்தால், கொடுக்குமுன் அதன் வட்டைத் துடைத்துவிடுங்கள். கோப்பை அழித்தால் அது அழிவதில்லை. பெயர்ப்பட்டியலிலிருந்து மட்டும் நீங்குகிறது. வட்டு முழுவதையும் வேறு எண்களால் மேலெழுத அதற்கான மென்பொருள்கள் உண்டு. அது முடியாவிட்டால் வட்டைக் கழற்றி வைத்துக்கொள்ளலாம். தயாரித்த நிறுவனத்தைக் கேட்டால் அவர்களுடைய சேகரிப்பு இடத்தைச் சொல்வார்கள். மின்கலத்தைத் தனியே கழற்றி, முனைகளில் ஒட்டுநாடா சுற்றிக் கொடுங்கள். அது உப்பியிருந்தால் குத்தவோ அமுக்கவோ வேண்டாம். லித்தியம் மின்கலம் தீப்பிடித்தால் ஒரு வாளித் தண்ணீரில் அடங்குவதில்லை.