காவல் நாயின் சலவழி அடைப்பும் மயக்க மருந்தும்

வயலையும் மரக்கறித் தோட்டத்தையும் பன்றி, முள்ளம்பன்றி முதலியவற்றினின்றும் காக்கும் நாய் கமக்காரருக்கு உற்ற துணையாகும். அந்நாயின் சலவழி முற்றாக அடைபட்டு, தக்க சிகிச்சை கிடையாதாயின், சில நாட்களுள் அது இறந்துவிடும்.

ஆண்நாயின் சலவழி, குறியிலுள்ள எலும்பின் பள்ளத்தினூடாகச் செல்வதால், அவ்விடத்தில் விரிவடைய இயலாது. சலப்பையில் உண்டாகும் சிறு கற்கள் அவ்வெலும்பின் பின்புறத்திற் சிக்கிக்கொள்ளும். அடிக்கடி முக்குதல், துளித்துளியாகச் சலம் விடுதல், சலத்தில் இரத்தங் காணல், வாந்தி என்பன அறிகுறிகளாம்.

முழு மயக்கத்திற்கு அஞ்சி, இலேசான மயக்கமே போதுமென மிருக வைத்தியரை வற்புறுத்துவோர் உளர். இலேசானது எப்போதும் ஆபத்துக் குறைந்ததன்று.

இலேசான மயக்கம்

இதில் நாய் அயர்ந்து கிடக்குமாயினும் உணர்ச்சி முற்றாக அற்றுப்போகாது. மெல்லிய குழாயைச் செலுத்திச் சலத்தை வெளியேற்றுதல், எக்ஸ்-கதிர்ப் படம் எடுத்தல் ஆகியவற்றுக்கு இது பெரும்பாலும் போதும். ஆயினும் சைலசீன், மெடெற்றோமிடீன் ஆகிய மருந்துகள் இதயத் துடிப்பைத் தாழ்த்திச் சலம் சுரப்பதை மிகுவிப்பன. ஆகவே அடைபட்ட நாய்க்கு அவை பொருந்தா.

முழு மயக்கம்

சலப்பையைக் கீறிக் கற்களை எடுப்பதற்கு முழு மயக்கம் இன்றியமையாதது. சிக்கிய கல்லை நீரின் அழுத்தத்தாற் சலப்பைக்குள் திருப்பித் தள்ளுவதற்கும் அதுவே சிறந்தது. நாய் திமிறினாற் சலவழி கிழியக்கூடும். மூச்சுக்குழலினுள் வைக்கப்படும் குழாய், வாந்தி சுவாசப்பையுட் புகாவண்ணம் காக்கும். அதன் வழியே ஒட்சிசனும் மயக்க ஆவியும் வேண்டிய அளவிற் செலுத்தப்படும்.

அடைப்பினால் இரத்தத்திற் பொற்றாசியம் மிகுந்து இதயம் தளர்வுறும். ஆதலின் மயக்குமுன் நாளத்தினூடாகத் திரவம் ஏற்றி, சலப்பையின் நிறைவையும் குறைப்பர். இத்தாமதத்தை அலட்சியமெனக் கருதலாகாது.

சொந்தக்காரர் கவனிக்க வேண்டியவை

1. அடைப்பெனச் சந்தேகித்தால் அன்றே மிருக வைத்தியரிடம் கொண்டு செல்லுங்கள்.
2. நாய் கடைசியாக உண்ட நேரத்தையும் சலம் விட்ட நேரத்தையும் கூறுங்கள்.
3. மனிதருக்குரிய நோவு மாத்திரைகளைக் கொடாதீர்கள். அவற்றுட் சில சிறுநீரகத்தைக் கெடுப்பன.
4. வயிற்றை அழுத்தாதீர்கள், நிறைந்த சலப்பை வெடிக்கக்கூடும்.
5. சிகிச்சையின் பின் நாயைச் சூடான இடத்திற் கிடத்துங்கள். முற்றாகத் தெளியும்வரை உணவு கொடாதீர்கள், கிணற்றண்டை விடாதீர்கள்.
6. எடுத்த கல்லைப் பரிசோதிக்கச் செய்யுங்கள். கல்லின் வகையறிந்தே மேலும் கல் உண்டாகாதவாறு உணவை ஒழுங்குசெய்தல் கூடும்.

எம்மயக்கம் வேண்டுமென்பதை நாயின் நிலையும் செய்யவேண்டிய சிகிச்சையுமே தீர்மானிக்கும். அம்முடிவை வைத்தியரிடம் விட்டு, நேரத்துடன் நாயைச் சேர்ப்பிப்பதே சொந்தக்காரரின் கடமையாகும்.