நெற்றிக்கயிறும் நட்டஈடும்

கொழுந்து பறிக்கிறவர்களைப் படம்பிடிக்க வருகிறவர்கள் விரல்களைத்தான் பார்க்கிறார்கள். ஹட்டன், தலவாக்கலை, நுவரெலியா மலைகளில் இருபது வருஷம் கொழுந்து சுமந்த அக்காமாரிடம் எங்கே வலிக்கிறது என்று கேட்டுப் பாருங்கள். கை பின்கழுத்துக்குப் போகும். "வயசாயிடுச்சு" என்று சொல்லிப் பேச்சை முடித்துவிடுவார்கள். நாற்பது வயதில் வருகிற அந்த வலியை வயதின் கணக்கில் எழுதுவதை என்னால் ஒப்புக்கொள்ள முடியவில்லை. அது வேலை தந்த வலி. வேலை தந்ததென்றால் அதைப் பதியவும் கேட்கவும் வழி இருக்கிறது.

காலையில் பெரட்டு கலைந்து மலைக்கு ஏறும்போது கூடையோ சாக்கோ வெறுமையாக முதுகில் கிடக்கும். கொழுந்து ஏற ஏற அது பின்னால் இழுக்கும். விழாமல் இருக்கத் தலை தானாக முன்னே குனியும். மொத்தப் பாரமும் நெற்றிக்கயிறு வழியாகக் கழுத்தெலும்பில் இறங்குகிறது. அந்தக் குனிவிலேயே இரண்டு கையும் பறிக்க வேண்டும், வழுக்குகிற சரிவில் கால் ஊன்ற வேண்டும். மழை பிடித்துக்கொண்டால் கொழுந்தோடு தண்ணீரையும் சேர்த்துத்தான் சுமக்க வேண்டும். மடுவத்தில் நிறுக்கும்போது தண்ணீருக்கென்றும் சாக்குக்கென்றும் கிலோ கழிப்பார்கள். கழுத்து சுமந்த தண்ணீர் எந்தப் புத்தகத்திலும் ஏறுவதில்லை.

குற்றம் கயிற்றின் மேல் மட்டும் இல்லை. எவரெஸ்ட் பக்கம் பாரம் ஏற்றும் நேபாளத் தொழிலாளிகளைப் பற்றி 2005இல் 'சயன்ஸ்' இதழில் ஓர் ஆய்வு வந்தது. ஆண்கள் சராசரியாகத் தங்கள் உடல் எடையில் 93 சதவீதமும் பெண்கள் 66 சதவீதமும் நெற்றிப்பட்டையில் சுமந்தார்கள். அதற்கு அவர்கள் உடல் செலவழித்த சக்தியும் வியக்கும்படி குறைவாக இருந்தது. ஆனால் அவர்கள் மெதுவாக நடக்கிறார்கள், அடிக்கடி நின்று, கையிலுள்ள கட்டையைப் பாரத்துக்கு முட்டுக்கொடுத்து இளைப்பாறுகிறார்கள். நம் மலையில் நிற்க நேரம் ஏது? 2024 செப்டம்பரில் அடிப்படை நாட்சம்பளம் 1,350 ரூபாயானது. நாட்சம்பளத்துக்குப் பறிக்க வேண்டிய கிலோ தோட்டத்துக்குத் தோட்டம் மாறுகிறது. எட்டவில்லையென்றால் அரைப்பேர், அதாவது அரைநாள் சம்பளம், விழுமோ என்ற பயம். நிறுவைக்கு இரண்டு நடை நடந்தால் நேரம் போகும் என்று ஒரே நடையில் திணித்துக்கொண்டு இறங்குகிறார்கள். கழுத்தைக் கெடுப்பது அந்தத் திணிப்புத்தான்.

பாரத்தைக் கழுத்திலிருந்து இறக்கவும் வழி உண்டு. வெளிநாடுகளில் மலைக்காட்டில் வேட்டையாடிய இறைச்சியை முதுகில் சுமந்து இறங்குகிறவர்கள், சட்டகம் பொருத்திய பை வைத்திருக்கிறார்கள். அதில் அகலமான இடுப்புப் பட்டை இருக்கும். பாரத்தின் பெரும்பங்கு இடுப்பெலும்பில் இறங்கிவிடும், தோள்பட்டைகள் பையை முதுகோடு ஒட்டவைக்கும். அதே பையை இங்கே கொண்டுவந்து மாட்டிவிட முடியாது. குளவி கிளம்பினாலோ கால் சறுக்கினாலோ பாரத்தை ஒரே உதறலில் கழற்றிப்போட வேண்டும். நெற்றிக்கயிற்றுக்கு அந்த ஒரு நல்ல குணம் உண்டு. ஒரே இழுப்பில் கழலும் இடுப்புப் பட்டையோடு கொழுந்துப்பை செய்ய முடியாதா? இதைத் தோட்டக் கம்பனிகளிடம் சங்கங்கள் கேட்க வேண்டும்.

அதுவரை செய்யக்கூடியது கொஞ்சம் உண்டு. மெல்லிய நைலோன் கயிறு நெற்றியை அறுக்கும். மூன்று நான்கு விரல் அகலத்துக்கு மடித்துத் தைத்த துணிப்பட்டை நல்லது. சாக்கு இடுப்புக்குக் கீழே தொங்கினால் இழுப்பு கூடும், ஆகவே கயிற்றைச் சுருக்கி முதுகோடு ஒட்டக் கட்டுங்கள். நிரம்பிய சாக்கைத் தனியாகத் தூக்காமல், மேட்டில் வைத்து இன்னொருவர் பிடிக்க ஏற்றுங்கள். பாதிக்கு மேல் நிரம்பியதும் பாதையோரத்தில் கொட்டிவைக்க இடமும், நிறுக்க அருகிலேயே ஒரு தராசும் கேளுங்கள். இதில் தோட்டத்துக்கும் இலாபம் இருக்கிறது: திணித்த கொழுந்து நசுங்கிச் சூடேறிச் சிவக்கும், ஆலையில் தேயிலையின் தரம் விழும். சங்கத் தலைவரோ மாதர் சங்கத் தலைவியோ தொரையிடம் பேசும்போது இதையே முதலில் சொல்லலாம்.

தராசும் சட்டத்துக்குக் கட்டுப்பட்டதுதான். 1995ஆம் ஆண்டின் 35ஆம் இலக்க அளவீட்டு அலகுகள், நியமங்கள் மற்றும் சேவைகள் சட்டப்படி அது பரிசோதித்து முத்திரையிடப்பட்டிருக்க வேண்டும். முத்திரையைக் காட்டச் சொல்லிக் கேட்பது மரியாதைக் குறைவு ஆகாது.

சுமையைப் பற்றியும் விதி உண்டு. சர்வதேச தொழில் அமைப்பின் 1967ஆம் ஆண்டின் 127ஆம் இலக்கச் சமவாயம், உடல்நலத்தைக் கெடுக்கும் பாரத்தை எந்தத் தொழிலாளி மீதும் ஏற்றக்கூடாது என்றும், பெண்களின் சுமை ஆண்களுடையதைவிடக் கணிசமாகக் குறைந்திருக்க வேண்டும் என்றும் சொல்கிறது. இங்கே 1942ஆம் ஆண்டுத் தொழிற்சாலைகள் கட்டளைச் சட்டம் தேயிலை ஆலைக்குள் வேலை செய்கிறவர்களைத்தான் காக்கிறது. மலையில் நிற்கிறவளுக்கு அது எட்டுவதில்லை. இந்த ஓட்டையை அடைக்காமல் சம்பளத்தை மட்டும் பேசிக்கொண்டிருப்பது போதாது.

கர்ப்பிணிகளுக்குச் சட்டம் தெளிவாகவே இருக்கிறது. 1939ஆம் ஆண்டு மகப்பேற்று நன்மைகள் கட்டளைச் சட்டத்தின்படி, பேறுக்கு முன் மூன்று மாதமும் பின் மூன்று மாதமும் தாய்க்கோ பிள்ளைக்கோ கேடு செய்யும் வேலையைக் கொடுக்கக்கூடாது. நிறைந்த சாக்கோடு சரிவில் இறங்குவது அப்படிப்பட்ட வேலை இல்லையென்று யாராவது சொன்னால், தோட்டத்து மருத்துவமாதுவிடம் எழுத்தில் வாங்கிக் காட்டுங்கள். 84 நாள் விடுமுறை தனி.

பாரத்தோடு விழுந்து கை முறிந்தால் அது வேலைக்காயம். 1934ஆம் ஆண்டின் 19ஆம் இலக்க வேலையாட்கள் நட்டஈட்டுக் கட்டளைச் சட்டம் தோட்டத் தொழிலாளிக்கும் உரியது. 2022இல் வந்த திருத்தம் உச்சத் தொகையை 20 இலட்சம் ரூபாயாக உயர்த்தி, வேலைக்குப் போகும்போதும் திரும்பும்போதும் நேரும் விபத்தையும் சேர்த்துக்கொண்டது. ஆண்டுக்கணக்கில் தேய்ந்த கழுத்துக்கு இந்த வழியில் நட்டஈடு பெறுவது கடினம். திடீர் விபத்துக்குத்தான் இது இலகுவாகப் பொருந்தும். ஆகவே சின்ன விழுகையையும் மறைக்காதீர்கள். அன்றைக்கே கங்காணியிடமும் கணக்கப்பிள்ளையிடமும் சொல்லுங்கள். 1990 என்ற இலக்கத்துக்கு அழைத்தால் 'சுவசெரிய' அம்புலன்ஸ் இலவசமாக வரும்.

ஆஸ்பத்திரியில் "எப்படி விழுந்தீங்க?" என்று கேட்பார்கள். "கொழுந்து சாக்கோட மலையில விழுந்தேன்" என்று சொல்லி, அது அப்படியே எழுதப்பட்டதா என்று பாருங்கள். தோட்டத்துக்குச் சங்கடம் வேண்டாமென்று "வீட்டில் விழுந்தேன்" என்று சொல்லிவிட்டால், பிறகு மாற்றி நிரூபிப்பது பெரும் பாடு. கிளினிக் கொப்பியையும் நோய் நிர்ணய அட்டையையும் பத்திரமாக வையுங்கள். தோட்ட நிர்வாகத்துக்கு எழுத்தில் அறிவித்து, பிரதி ஒன்றை வைத்துக்கொண்டு, தொழிலாளர் நட்டஈட்டு ஆணையாளருக்கு விண்ணப்பியுங்கள். ஹட்டனிலோ நுவரெலியாவிலோ உள்ள தொழில் அலுவலகத்தில் வழி கேட்கலாம். எல்லாக் கடிதத்தையும் தமிழிலேயே எழுதலாம், தமிழிலேயே பதில் கேட்கலாம். அரசியலமைப்பு தந்த உரிமை அது. கடிதத்தில் தேதி, நேரம், மலையின் இலக்கம், முதுகில் இருந்த பாரம், பக்கத்து நிரையில் நின்ற இரண்டு பேரின் பெயர் ஆகியவை கட்டாயம் இருக்கட்டும்.