ஆடிக்கொண்டே உதைக்கும் விளையாட்டு!

இருபது, முப்பது பேர் வட்டமாக நிற்கிறார்கள். கை தட்டுகிறார்கள். பாடுகிறார்கள். நடுவே இரண்டு பேர்.

ஒருவன் சுழன்று காலை வீசுகிறான். குதிகால் மற்றவனின் முகத்தை நோக்கி வருகிறது. "ஐயோ, பல் போச்சு!" என்று நினைக்கிறோம். பல் போகவில்லை! அந்த ஆள் தரையில் கையை ஊன்றிக் குனிந்துவிட்டான். கால் அவன் தலைக்கு மேலே போகிறது. குனிந்தவன் சும்மா இருப்பானா? உதைத்தவனின் காலை வாரப் பார்க்கிறான். அவனோ கரணம் அடித்துத் தப்புகிறான். இருவர் முகத்திலும் சிரிப்பு.

இது நடனமா? சண்டையா?

தென் அமெரிக்காவில் உள்ள பிரேசில் நாட்டில் பிறந்த வித்தை இது. பெயர், கப்போயிரா. அந்த நாட்டில் யாரும் "கப்போயிரா சண்டை போட்டேன்" என்று சொல்வது இல்லை. "விளையாடினேன்" என்றுதான் சொல்வார்கள்.

வில் இடும் கட்டளை

கப்போயிரா வீரன் நின்ற இடத்தில் நிற்கமாட்டான். ஒரு காலைப் பின்னால் வைப்பான். அதை முன்னால் கொண்டுவந்து, மறு காலைப் பின்னால் வைப்பான். கைகள் முகத்துக்கு முன்னால் மாறி மாறி வரும். இந்த அசைவுக்கு 'ஜிங்கா' என்று பெயர். பார்க்க ஆட்டம்தான். ஆனால், அடுத்து உதைப்பானா, உட்காருவானா, விலகுவானா என்பது எதிராளிக்குத் தெரியாது. சூட்சுமமே அதில்தான் இருக்கிறது.

வேகத்தை முடிவு செய்வது வீரர்கள் அல்ல. 'பெரிம்பாவ்' என்ற வாத்தியம். அது ஒரு மர வில். நாணுக்குப் பதில் இரும்புக் கம்பி. பழைய மோட்டார் டயரை அறுத்துக்கூட இந்தக் கம்பியை எடுப்பார்கள். வில்லின் கீழ்ப்பக்கம் ஒரு சுரைக்குடுக்கை கட்டியிருக்கும். சிறு குச்சியால் கம்பியைத் தட்டவேண்டும். மெதுவாகத் தட்டினால், விளையாட்டு தரையோடு தரையாக நடக்கும். வேகமாகத் தட்டினால் கால்கள் பறக்கும்.

ஒரு தாளத்துக்குக் 'குதிரைப் படை' என்று பெயர். குளம்பு ஓசை போலவே கேட்கும். "குதிரைப் போலீசார் வருகிறார்கள். ஓடுங்கள்!" என்று எச்சரிக்க அதை வாசித்தார்களாம்.

விளையாட்டுக்குப் போலீசார் ஏன் வரவேண்டும்?

விளையாடினால் ஜெயில்

பிரேசில், போர்த்துக்கீசியர் ஆண்ட நாடு. கரும்புத் தோட்டங்களிலும் சுரங்கங்களிலும் வேலை செய்ய, ஆப்பிரிக்க மக்களைக் கப்பலில் அடைத்துக் கொண்டுவந்தார்கள். சுமார் 48 லட்சம் பேர் அங்கே கரை இறக்கப்பட்டார்கள் என்பது ஆராய்ச்சியாளர் கணக்கு. அந்த அடிமை மக்கள் வளர்த்ததுதான் கப்போயிரா.

முதலாளிகளின் கண்ணில் மண்ணைத் தூவுவதற்காகவே சண்டையை நடனமாக மாற்றினார்கள் என்று ஒரு கதை உண்டு. சினிமாவுக்கு ஏற்ற கதை! ஆனால் அதற்குத் திட்டமான சான்று கிடையாது. ஆட்டமும் சண்டையும் கலந்த விளையாட்டுகள் ஆப்பிரிக்காவிலேயே இருந்தன. ருகென்டாஸ் என்ற ஜெர்மன் ஓவியர் 1835-ம் ஆண்டு வெளியிட்ட படத்தில், கப்போயிரா விளையாடும் இருவர் பக்கத்தில் ஒருவர் மேளம் தட்டுகிறார். சுற்றி நின்று ஜனங்கள் வேடிக்கை பார்க்கிறார்கள்.

1888-ம் ஆண்டு அடிமை முறை ஒழிந்தது. விடுதலை பெற்றவர்களுக்கு நிலம் இல்லை. வேலையும் எளிதில் கிடைக்கவில்லை. இரண்டே வருடத்தில், 1890-ல், புதிய சட்டம் வந்தது. தெருவில் கப்போயிரா விளையாடினால் 2 மாதம் முதல் 6 மாதம் வரை ஜெயில்! கூட்டத் தலைவனுக்கு இரண்டு மடங்கு. பலரைப் பிடித்துக் கடல் நடுவே இருக்கும் பெர்னாண்டோ டி நொரோன்யா தீவுக்கு அனுப்பினார்கள்.

பிடிபட்ட எல்லோரும் அப்பாவிகள் என்று சொல்லமுடியாது. ரியோ நகரில் கத்தியோடு திரிந்த கப்போயிரா கூட்டங்கள் இருந்தன. அதற்காக வித்தையையே குற்றம் என்றால் என்ன நியாயம்?

திருக்கை வால் உதை

1909-ம் ஆண்டு, ரியோ நகரில் ஒரு வேடிக்கை நடந்தது. மியாக்கோ என்ற ஜப்பானிய ஜூஜுத்சு வீரர் மேடையில் சவால் விட்டார். சிரியாக்கோ என்ற கறுப்பர் அவரோடு மோத முன்வந்தார். சிரியாக்கோ கப்போயிரா வீரர்.

சண்டை சீக்கிரமே முடிந்துவிட்டது. சிரியாக்கோவின் கால் சுழன்றது. ஜப்பானியர் சாய்ந்தார்! அந்த உதைக்கு அவர்கள் வைத்திருக்கும் பெயர், 'திருக்கை வால்'. திருக்கை மீன் வாலைச் சுழற்றி அடிப்பதைப் போன்ற உதை. ஜனங்கள் ஆரவாரம் செய்தார்கள். சட்டப் புத்தகத்தில் மட்டும் கப்போயிரா அப்போதும் குற்றம்தான்.

கையைப் பிடித்த வாத்தியார்

கப்போயிராவைத் தெருவில் இருந்து பள்ளிக்கூடத்துக்குக் கொண்டுவந்தவர் பிம்பா. 1899-ல் பிறந்தவர். துறைமுகத்தில் மூட்டை தூக்கியவர். கப்போயிரா வெறும் ஆட்டமாகிப் போகிறதே என்று அவருக்கு வருத்தம். 1932-ல் சால்வடோர் நகரில் பள்ளி தொடங்கினார். 1937-ல் சர்க்காரின் அங்கீகாரமும் கிடைத்தது.

படிப்போ, வேலையோ இல்லாதவனுக்கு அங்கே இடம் இல்லை. புதிதாக வந்தவனின் இரண்டு கைகளையும் பிம்பாவே பிடித்துக்கொள்வார். குழந்தைக்கு நடை பழக்குவதைப் போல ஜிங்கா சொல்லித் தருவார்.

தேறிய மாணவர்களுக்கு வேறு பாடம். மரங்கள் அடர்ந்த இடத்துக்குப் போகச் சொல்வார். ஒளிந்திருக்கும் சிலர் திடீர் என்று பாய்வார்கள். அந்த மாணவன் சமாளித்துத் தப்பவேண்டும்.

1953-ல் நாட்டின் ஜனாதிபதி வர்காஸ் முன்னிலையிலேயே பிம்பா கப்போயிரா விளையாடிக் காட்டினார். "இதுவே நம் தேசிய விளையாட்டு" என்று ஜனாதிபதி புகழ்ந்தாராம்.

தெருச் சண்டைக்கு உதவுமா?

பெற்றோர் கேட்கும் கேள்வி இது. ரவுடி எதிரே வரும்போது குறுகிய சந்தில் கரணம் அடிப்பவன் புத்திசாலி அல்ல! சுவரில் கால் இடிக்கும். ஈரத் தரையில் வழுக்கும். ரவுடி சட்டையைப் பிடித்துவிட்டால், அழகான உதைகள் எல்லாம் வீண். கப்போயிராவில் கைக்குத்து மிகக் குறைவு.

ஆனால் உதை பட்டால் விளையாட்டு அல்ல. கையைத் தரையில் ஊன்றி உடல் முழுவதும் சுழல்வதால், குதிகாலில் உடம்பின் பலம் முழுவதும் சேர்ந்துவிடுகிறது. காலை வாரும் வித்தை சந்தில்கூடப் பலிக்கும். எனக்கு இதைவிடப் பெரிதாகத் தோன்றுவது வேறு. கப்போயிரா பழகியவன் எதிராளி மேல் இருந்து கண்ணை எடுக்கமாட்டான். அடியைத் தடுக்க மாட்டான், விலகுவான். விழுந்தாலும் எலும்பு முறியாமல் விழுவான். மெலிந்தவனுக்கும் சிறுவனுக்கும் இது போதாதா?

பாஸ்தீன்யா என்பவர் கதையைக் கேளுங்கள். சிறுவனாக இருந்தபோது, தன்னைவிடப் பெரிய பையனிடம் அடிக்கடி அடி வாங்குவார். அதைப் பார்த்த பெனதீத்தோ என்ற ஆப்பிரிக்கப் பெரியவர் அழைத்துக் கப்போயிரா கற்றுக் கொடுத்தார். பிறகு அந்தப் பையன் அடிக்கவில்லை!

பாஸ்தீன்யா 1941-ல் தாமே ஒரு பள்ளி நடத்தினார். பிம்பாவின் வேகம் அவருக்குப் பிடிக்காது. பழைய முறையே அவர் முறை. உதைக்க முடியும் என்று காட்டிவிட்டுக் காலை நிறுத்துகிறவன்தான் அங்கே கெட்டிக்காரன்.

இரு ஆசிரியர்களுக்கும் முதுமையில் வறுமைதான். ஆதரவு இல்லை என்று ஊரை விட்டுப் போன பிம்பா, 1974-ல் வெளியூரில் இறந்தார். பாஸ்தீன்யாவின் பள்ளிக்கூடக் கட்டடத்தைப் புதுப்பிப்பதற்காகக் காலி செய்யச் சொன்னார்கள். அது திரும்பக் கிடைக்கவில்லை. கண் பார்வையும் போய், 1981-ல் அவர் இறந்தார்.

2014-ம் ஆண்டில் யுனெஸ்கோ சபை, கப்போயிரா வட்டத்தை மனித குலத்தின் கலாசாரச் சொத்துகளில் ஒன்றாக அறிவித்தது. இப்போது பெண்கள், குழந்தைகள் எல்லோரும் விளையாடுகிறார்கள். பல நாடுகளில் பள்ளிகள் இருக்கின்றன.

விளையாடப் போகும் இருவர் முதலில் பெரிம்பாவின் காலடியில் குந்தி உட்காருகிறார்கள். கை கொடுத்துக்கொள்கிறார்கள். பிறகு கரணம் அடித்து வட்டத்துக்குள் நுழைகிறார்கள். வில் 'டொங், டொங்' என்று ஒரே சுரத்தில் கூப்பிட்டால், உதைக்கத் தூக்கிய காலை இறக்கிவிட்டு, அதே இடத்துக்குத் திரும்பி வந்து மீண்டும் கை கொடுக்கிறார்கள்.