சமயவியலாளர் எழுத்தும் வரலாற்றுச் சான்றும்: கல்முனைக் கரையை முன்னிறுத்திய ஒரு நோக்கு

இலங்கையின் கிழக்குக் கரையிலே, மருதமுனை தொடக்கம் பொத்துவில் வரை, தமிழைத் தாய்மொழியாகக் கொண்ட முஸ்லிம் மக்களின் ஊர்கள் பல அமைந்துள்ளன. கல்முனை, சாய்ந்தமருது, நிந்தவூர், அட்டாளைச்சேனை, அக்கரைப்பற்று என்பன அவற்றுட் சில. இவற்றுக்கு இடையிடையே பாண்டிருப்பு, காரைதீவு, திருக்கோவில் முதலிய தமிழூர்கள் உள்ளன. இன்று அம்பாறை மாவட்டத்தைச் சேர்ந்த இக்கரை, 1961ஆம் ஆண்டு வரை மட்டக்களப்பு மாவட்டத்தின் பகுதியாக இருந்தது.

இம்முஸ்லிம் ஊர்களின் வரலாற்றை எழுதப் புகுவோர் பெரும்பாலும் ஒரே செய்தியுடன் தொடங்குவர். 1626இல் போர்த்துக்கேயர் தம் ஆட்சிப் பகுதிகளிலிருந்து வெளியேற்றிய முஸ்லிம்களுக்குக் கண்டி அரசன் செனரத் புகலிடம் அளித்தான். அவர்களுள் நாலாயிரம் பேரை மட்டக்களப்பிலே குடியேற்றினான் என்பதே அச்செய்தி. நூலுக்கு நூல் எடுத்தாளப்படும் இச்செய்தியின் மூலத்தைத் தேடிச் சென்றால், நாம் ஒரு கிறித்தவத் துறவியின் நூலை வந்தடைகின்றோம். அவர் யேசு சபையைச் சேர்ந்த பெர்னாவோ டி குவேறோஸ். சமயப் பணிக்காக எழுதிய ஒருவரின் கூற்றை வரலாற்றாசிரியன் எவ்வாறு மதிப்பிடுவது? இவ்வினாவையே இக்கட்டுரை ஆராய முற்படுகின்றது.

இவ்வினா புதியதன்று. ஆதிக் கிறித்தவ இறையியலாளரின் எழுத்துகளைப் பற்றி நெடுங்காலமாக எழுப்பப்பட்டு வந்ததே. அவ்வெழுத்துகள் புனிதமானவை ஆதலின் முற்றும் உண்மை என்பர் ஒரு சாரார். சமயப் பிரசாரம் ஆதலின் முற்றும் பயனற்றவை என்பர் மற்றொரு சாரார். இவ்விரு நிலைப்பாடுகளும் ஆய்வைத் தொடங்குமுன்னரே முடித்துவிடுகின்றன. நமது தீவோடும் அயலோடும் தொடர்புடைய சில சான்றுகளை நோக்கின் இது தெளிவாகும்.

அலெக்சாந்திரியாவைச் சேர்ந்த கிளெமெந்து கி.பி. 200 அளவில் எழுதியவர். கிரேக்கரின் ஞானத்துக்கு முன்னரே பிற இனத்தாரிடம் மெய்யறிவு இருந்தது என்பதை நிறுவுவதே அவரது நோக்கம். அவ்வாதத்தின் போக்கிலே, இந்தியருள் புத்தரின் நெறியைப் பின்பற்றுவோர் உளர் என்றும், அவரை அவர்கள் தெய்வமாகப் போற்றுகின்றனர் என்றும் குறிப்பிடுகின்றார். புத்தரைப் பெயர் சுட்டிக் கூறும் மிகப் பழைய கிரேக்கக் குறிப்புகளுள் ஒன்றாக இது கருதப்படுகின்றது. கிளெமெந்தின் வாதத்தை நாம் ஏற்க வேண்டியதில்லை. ஆயினும் பௌத்தம் பற்றிய செய்தி எகிப்தின் துறைமுக நகரை எட்டியிருந்தது என்ற உண்மை அவ்வாதத்தின் ஓரத்திலே நமக்குக் கிடைக்கின்றது.

நான்காம் நூற்றாண்டின் முற்பகுதியில் திருச்சபை வரலாறு எழுதிய யூசேபியசின் கூற்று வேறு வகையானது. பந்தேனுஸ் என்னும் ஆசிரியர் இந்தியா சென்றார் என்றும், அங்கே எபிரேய எழுத்திலமைந்த மத்தேயு நற்செய்தியைக் கண்டார் என்றும் கூறப்படுவதாக அவர் எழுதுகின்றார். அக்காலத்திலே 'இந்தியா' என்ற பெயர் தென் அராபியாவையும் எதியோப்பியாவையும் கூடக் குறித்து வழங்கியது. ஆகவே இக்கூற்றைக் கொண்டு இந்தியாவிற் கிறித்தவம் தொடங்கிய ஆண்டைக் கணிப்பது பொருந்தாது. ஒரு சொல்லுக்கு இன்றைய பொருளை ஏற்றிப் படிப்பதன் இடர்ப்பாட்டை இது நன்கு காட்டுகின்றது.

மூன்றாமவர் ஆறாம் நூற்றாண்டினரான கொஸ்மஸ். வணிகராயிருந்து பின்னர் துறவியானவர் எனக் கருதப்படுபவர். உலகம் உருண்டையன்று, விவிலியம் கூறும் திருக்கூடாரத்தின் வடிவினது என நாட்டுவதற்காகவே இவர் தமது நூலை எழுதினார். அவ்வாதம் பிழையானது. ஆனால் அதே நூலில், தப்ரபேன் என அவர் அழைக்கும் இலங்கையிலே பாரசீகக் கிறித்தவரின் கோயிலொன்று இருந்தது என்றும், பாரசீகத்தில் நியமிக்கப்பட்ட குருவானவர் அங்குப் பணியாற்றினார் என்றும், நாட்டவரும் அரசரும் வேற்றுச் சமயத்தவர் என்றும் கூறுகின்றார். இந்தியா, பாரசீகம், எதியோப்பியா ஆகிய நாடுகளின் கப்பல்கள் இத்தீவுக்கு வந்தமையையும் விவரிக்கின்றார். 1912இல் அனுராதபுரத்திலே பாரசீகக் கிறித்தவருடையதெனக் கருதப்படும் கற்சிலுவையொன்று கண்டெடுக்கப்பட்டமை இங்கு நினைக்கத்தக்கது. இறையியலில் தவறிய ஒருவர் வணிகச் செய்தியில் நம்பத்தக்கவராகின்றார்.

இவற்றிலிருந்து நாம் பெறும் நெறி இது: ஆசிரியர் நிறுவ முயல்வதை ஐயத்துடனும், போகிற போக்கிற் சொல்வதைக் கவனத்துடனும் நோக்குதல் வேண்டும். தமது தரப்புக்கு உதவாத ஒன்றை அவர் ஒப்புக்கொள்வாராயின் அதற்கு மதிப்பு மிகுதி. வேறு வகைச் சான்று துணை நிற்குமாயின் மதிப்பு மேலும் உயரும். இந்நெறியோடு மீண்டும் கல்முனைக் கரைக்கு வருவோம்.

குவேறோஸ் 1617இற் போர்த்துக்கலிற் பிறந்தவர். 1688இற் கோவாவிலே காலமானவர். இலங்கையில் போர்த்துக்கேயரின் உலகியல் வெற்றியையும் ஆன்மிக வெற்றியையும் கூறும் அவரது பெருநூல் நெடுங்காலம் கையெழுத்துப் படியாகவே கிடந்தது. மூலம் 1916இலும் ஆங்கில மொழிபெயர்ப்பு 1930இலும் கொழும்பில் வெளிவந்தன. ஒல்லாந்தரிடம் இழந்த இலங்கையைப் போர்த்துக்கல் மீண்டும் கைப்பற்ற வேண்டும் என்பதே நூலின் நோக்கம். ஆசிரியர் இலங்கையை நேரிற் கண்டவரல்லர். 1626ஆம் ஆண்டு நிகழ்ச்சியை அறுபது ஆண்டுகளுக்குப் பின்னர், பிறர் அறிக்கைகளைக் கொண்டு எழுதியவர்.

வெளியேற்றத்துக்குச் சமயப் பகை மட்டும் காரணமன்று. பாக்கு முதலிய பொருள்களின் வணிகத்தில் முஸ்லிம்கள் போர்த்துக்கேயருக்குப் போட்டியாளராய் இருந்தனர். வணிகரை இழப்பது கரையோரத்துக்கு நட்டம்; அவர்களை ஏற்பது கண்டிக்கு ஆதாயம். வெளியேற்றப்பட்டோரைப் பகையரசன் வரவேற்றுத் தன் வலிமையைப் பெருக்கிக்கொண்டான் என்பது போர்த்துக்கேயருக்குப் பெருமை தரும் செய்தியன்று. தம்மவர் கொள்கை பகைவனுக்கே பயன்பட்டது என்பதை வெளிப்படுத்தும் இச்செய்தியை ஒரு போர்த்துக்கேயத் துறவி புனைந்துரைக்க வேண்டிய தேவை இல்லை. ஆகவே புகலிடம் அளித்த செய்தி வலுவானது எனலாம்.

நாலாயிரம் என்ற எண்ணைப் பற்றி அவ்வாறு கூற முடியாது. அது முழு எண். பகைவனின் வலிமையைக் குறிக்க வந்த எண். மேலும், குவேறோஸ் பேசுவது காவற்படையைப் பற்றியே. 1628இற் போர்த்துக்கேயர் மட்டக்களப்பிற் கோட்டை கட்டினர். 1638இல் ஒல்லாந்தர் அதனைக் கைப்பற்றினர். இப்போர்ச் சூழலிலே வைத்து நோக்கினால், காவலுக்கு நிறுத்தப்பட்ட படையையும் குடியமர்ந்த மக்களையும் ஒன்றெனக் கொள்வது பொருந்தாது.

எல்லாவற்றுக்கும் மேலாக, இந்நூல் கூறாத ஒன்றை அதன் மேல் ஏற்றுவதே பெரும்பிழை. 1626க்கு முன்னர் இக்கரையில் முஸ்லிம்கள் இருந்ததில்லை என்று குவேறோஸ் சொல்லவில்லை. ஒரு வருகையைப் பற்றிய குறிப்பு முதல் வருகைக்குச் சான்றாகாது. உள்ளூர் வழக்குகளோ வேறொரு தொடக்கத்தைக் கூறுகின்றன. திமிலரை எதிர்த்த போரில் முக்குவருக்குத் துணைநின்ற பட்டாணியர் அதற்குக் கைம்மாறாக நிலமும் மணப்பெண்களும் பெற்றனர் என்பது மட்டக்களப்பு நாட்டின் மரபுக்கதை. இக்கதைக்கு ஆண்டு குறிக்க இயலாது. எனினும் இக்கரையின் தமிழரும் முஸ்லிம்களும் தாய்வழிக் குடிமுறையைப் பொதுவாகக் கொண்டிருத்தலும், பள்ளிவாசல் நிருவாகத்திலே குடிதோறும் மரைக்காயர் இடம்பெற்று வந்தமையும், வீடும் காணியும் சீதனமாகப் பெண்களுக்குச் சேர்தலும் கண்கூடு. ஒரே அலையில் வந்திறங்கி ஒதுங்கி வாழ்ந்த கூட்டத்தாரிடையே இத்தகைய அமைப்பு தோன்றியிருத்தல் அரிது. மணத்தாலும் வயலாலும் அயலவரோடு பிணைந்த நீண்ட வாழ்வையே அது உணர்த்துகின்றது.

இது ஏட்டளவில் நின்றுவிடும் ஆராய்ச்சியன்று. 1985 முதல் 1990 வரையான ஆண்டுகளில் கிழக்கிலங்கையின் இரு சமூகத்தாரும் வன்செயலுக்கு உயிர்களைப் பலிகொடுத்தனர். அக்காலந்தொட்டு 'யார் முந்தி வந்தவர்' என்ற வாதம் வரலாற்றின் பெயரால் நிகழ்ந்து வருகின்றது. ஒரு சமூகத்தை வந்தேறிகள் என்று காட்டுவோர் 1626ஐ எடுத்துக்காட்டுகின்றனர். அதனை மறுப்போர் பாதிரியாரின் எழுத்து என்று நூலையே ஒதுக்குகின்றனர். இரு தரப்பினரும் அந்நூலை அது எழுதப்பட்ட நோக்கத்தோடு சேர்த்துப் படிப்பதில்லை. வெளியேற்றப்பட்டவருக்கு இக்கரை இடங்கொடுத்தது என்பதே அந்நூல் உறுதியாகத் தரும் செய்தி. அது முஸ்லிம்களுக்கோ தமிழருக்கோ இழிவு தருவதன்று.

புறத்தார் எழுத்தைச் சரிபார்க்க அகச்சான்றுகள் வேண்டும். 2004 டிசம்பர் 26இல் ஆழிப்பேரலை இக்கரையைத் தாக்கியபோது வீடுகளோடு உறுதிகளும் குடும்ப ஏடுகளும் அழிந்துபோயின. எஞ்சியுள்ள காணி உறுதிகள், பள்ளிவாசற் பதிவேடுகள், கோயிற் குடிமுறைக் குறிப்புகள், அரபுத் தமிழ்க் கையெழுத்துகள் என்பவற்றைத் தமிழ், முஸ்லிம் மாணவர் இணைந்து ஊர் ஊராகத் தொகுத்தல் வேண்டும். குவேறோசின் ஒரு வாக்கியம் நான்கு நூற்றாண்டுச் சுமையைத் தாங்க நேர்ந்தமைக்கு, அதற்கருகில் நாம் வேறு சான்றுகளை வைக்காமையே காரணமாகும்.